ஓவர்கிளாக் ஆசையும் ஒரு மாசச் சம்பளமும்: மதர்போர்டு எப்படித் தேர்ந்தெடுப்பது?

(ஒலி வடிவில் வந்த நிகழ்ச்சியின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, வாசிக்க வசதியாகத் தலைப்புகள் சேர்த்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு நேயர் கேள்வியை வெச்சே முழு நிகழ்ச்சியும் போகப்போகுது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பின தம்பி சேரப்பணஞ்சேரியில இருக்காரு. வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்ல படப்பை தாண்டி, ஒரகடத்துக்கு முன்னாடி வர்ற ஊரு. பக்கத்துல ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில காண்ட்ராக்ட் வேலை, மூணு ஷிப்டு. அவர் வேலை பார்க்கறது எஸ்எம்டி லைன்ல. அதாவது பச்சை போர்டு மேல சால்டர் பேஸ்ட் தடவி, மெஷின் சின்னச் சின்ன பாகங்களை வெச்சு, ரீஃப்ளோ அடுப்புக்குள்ள அனுப்புற அந்த லைன்.

அவர் அனுப்பின மெசேஜ் இதுதான்: "அண்ணா, நாள் முழுக்க போர்டு மேல பாகம் ஏத்துறதுதான் என் வேலை. ஆனா என் சொந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த போர்டு வாங்குறதுன்னு தெரியல. லீவு நாள்ல கல்யாண வீடியோ எடிட் பண்றேன். ரெண்டரிங் பாதியில ஆஃப் ஆயிடுது, மூணு தடவை ஆயிடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை ஒருத்தருக்கு வீடியோ கொடுக்கணும். ஓவர்கிளாக் பண்ற மாதிரி ஒரு நல்ல போர்டு சொல்லுங்க. போனஸ் வந்திருக்கு, ஒரு மாசச் சம்பளம் அளவுக்குத்தான் செலவு பண்ண முடியும்."

மெசேஜைக் கேட்டதும் நான் போன் பண்ணிப் பேசினேன். மாடல் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி சில விஷயம் தெரிஞ்சாகணும்.

முதல்ல நோய் என்னன்னு பார்ப்போம்

அவர்கிட்ட இருக்கறது ரைசன் 5 2600, ஏ320 சிப்செட் போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு. ரூம் மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. ஆஃப் ஆகறது எப்போன்னு கேட்டேன். "மதியம்தான் அண்ணா. ராத்திரி ரெண்டர் போட்டா முடிஞ்சிடுது."

அந்த ஒரு பதில்ல பாதி விஷயம் வந்திடுச்சு. கேஸோட பக்கவாட்டு மூடியைக் கழட்டிட்டு, டேபிள் ஃபேனை நேரா போர்டு மேல அடிக்கிற மாதிரி வெச்சு, அதே மதிய நேரத்துல ரெண்டர் போடச் சொன்னேன். முடிஞ்சுது. ஃபேன் காத்து எஸ்எம்பிஎஸ் மேலயும் படுமே, அதனால ரூம்மேட்கிட்ட இருந்து வேற எஸ்எம்பிஎஸ் வாங்கி, ஃபேன் இல்லாம ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுபடியும் ஆஃப். சந்தேகம் இப்போ போர்டு மேல வந்து நின்னுது.

போர்டுல எந்த இடம்? அவரே கண்டுபிடிச்சாரு. "சிபியு சாக்கெட்டுக்கு இடது பக்கம் வரிசையா சாம்பல் கலர் காயில் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கிற மாஸ்ஃபெட் மேல ஹீட்சிங்க்கே இல்ல அண்ணா, மொட்டையா இருக்கு."

விஆர்எம்னா என்ன?

அந்த இடத்துக்குப் பேரு விஆர்எம். எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்றது 12 வோல்ட். சிபியுக்கு வேண்டியது சுமார் 1.2 வோல்ட். வோல்டேஜ் குறையும்போது கரண்ட் கூடும். 76 வாட்டை 1.2 வோல்ட்ல கொடுக்கணும்னா 63 ஆம்பியர் ஓடணும். 142 வாட்டை 1.25 வோல்ட்ல கொடுக்கணும்னா 114 ஆம்பியர். நம்ம வீட்டு ஏசிக்குக்கூட அத்தனை ஆம்பியர் கிடையாது. விரல் நகம் அளவு பாகங்கள் வழியா இது ஓடுது.

மாஸ்ஃபெட்ல உண்டாகிற சூட்டுல ஒரு பெரிய பங்கு கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். 63-ல இருந்து 114-க்குப் போனா கரண்ட் இரண்டு மடங்குக்கும் குறைவாத்தான் கூடியிருக்கு. ஆனா அந்தப் பங்கு சூடு மூணு மடங்குக்கு மேல போயிடும். இதைப் பிரிச்சுக்கத்தான் பல ஃபேஸ் வைக்கிறாங்க. ஒரு மூட்டையை ரெண்டு பேர் தூக்கறதுக்கும் எட்டுப் பேர் தூக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பெட்டி மேல "14+2 ஃபேஸ்"னு போட்டிருந்தா அதை அப்படியே நம்பிட வேண்டாம். ஒரே சிக்னல்ல ரெண்டு ரெண்டா ஜோடி சேர்த்து ஓடவிட்டு, எண்ணிக்கையை இரட்டிப்பா காட்டறது வழக்கம். அது தப்பான டிசைன் இல்ல, சூடு பிரியத்தான் செய்யும். ஆனா பார்க்க வேண்டியது மூணு: ஒவ்வொரு ஸ்டேஜும் எத்தனை ஆம்பியர் தாங்கும், மேல கனமான ஹீட்சிங்க் இருக்கா, அந்த ஹீட்சிங்க் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கா இல்ல பிளாஸ்டிக் பின்னுல தொங்குதா.

ஓவர்கிளாக்னா இப்போ என்ன அர்த்தம்?

1998-ல இன்டெல் செலரான் 300ஏ வந்துது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கினா, 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல ஓடும். காசே செலவில்லாம 50 சதவீதம் லாபம். ஓவர்கிளாக்னு சொன்னாலே நம்ம மனசுல இருக்கிற படம் அந்தக் காலத்தோடது.

இன்னைக்கு அந்த வேலையை சிப் கம்பெனியே செஞ்சு கொடுத்துடறான். பூஸ்ட்னு சொல்றாங்களே, அதுதான். சூடும் கரண்டும் இடம் கொடுத்தா சிப் தானாவே மேல ஏறும். நமக்கு மிச்சம் விட்டு வெச்சிருக்கறது பெரும்பாலும் ஒத்தை இலக்க சதவீதம்தான். அதுக்குக் கொடுக்கிற விலையைப் பாருங்க. மின்சாரச் செலவு வேகத்துக்கு நேராவும், வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரியும் ஏறும். வேகம் 5 சதவீதம் கூட்ட வோல்டேஜ் 10 சதவீதம் கூட்டினீங்கன்னா, 1.05-ஐ 1.21-ஆல பெருக்கணும். 27 சதவீதம் அதிகச் சூடு. அஞ்சுக்கு இருபத்தேழு.

அளவு மீறினா என்ன ஆகும்னு சமீபத்துலயே ரெண்டு பாடம் இருக்கு. 2023-ல ஏஎம்5 சாக்கெட்ல சில ரைசன் 7000 சிப்புகள் கருகின செய்தி வந்துது. அதுக்கப்புறம் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-க்கு மேல போகாதபடி ஏஎம்டி பயாஸ்லயே பூட்டுப் போட்டுது. 2024-ல இன்டெல்லோட 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் தேவைக்கு மேல வோல்டேஜ் போய் நிலைதடுமாற ஆரம்பிச்சுது. இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் கொடுத்து, வாரன்டியையும் இரண்டு வருஷம் நீட்டிச்சாங்க. அதனால பழைய ஸ்டாக் போர்டு எதை வாங்கினாலும், முதல் வேலை பயாஸ் அப்டேட்.

எந்த சிப்செட் அனுமதிக்கும்?

இது காசு வீணாப்போற முதல் இடம். பேர்ல "கேமிங்"னு இருந்தா ஓவர்கிளாக் பண்ணலாம்னு அர்த்தம் இல்ல.

இன்டெல்ல, பேர் கடைசியில "கே" எழுத்து உள்ள சிப், கூடவே "இசட்" வரிசை போர்டு — இசட்690, இசட்790, இசட்890 — ரெண்டும் வேணும். பி660, பி760 போர்டுல ராம் வேகத்தை ஏத்தலாம், சிபியு மல்டிப்ளையரைத் தொட முடியாது.

ஏஎம்டியில ரைசன் சிப்புகள் பெரும்பாலும் பூட்டு இல்லாதவை. 5800எக்ஸ்3டி மாதிரி சில விதிவிலக்கு உண்டு. போர்டுல "பி" வரிசையும் "எக்ஸ்" வரிசையும் பெரும்பாலும் அனுமதிக்கும். ஏ320, ஏ520, ஏ620 மூணும் சிபியு ஓவர்கிளாக்குக்கு அனுமதிக்காது. நம்ம தம்பிகிட்ட இருக்கறது ஏ320. அவர் ஆசைப்பட்டாலும் அந்த போர்டுல நடக்காது.

ராமை வெச்சுக்கலாமா, தூக்கிப் போடலாமா?

ஒரு கடையில அவருக்குச் சொன்ன யோசனை: புது சாக்கெட், இசட் போர்டு, டிடிஆர்5 ராம், லிக்விட் கூலர், எல்லாமே புதுசா. கணக்குப் போட்டா அவர் போனஸை மாதிரி ரெண்டு மடங்கு.

ஏஎம்5-க்கு மாறினா டிடிஆர்5 கட்டாயம். கையில இருக்கிற 16 ஜிபி டிடிஆர்4 அதுல ஏறாது. 2025 கடைசியில ராம் விலை ஏறின ஏத்தம் எல்லாருக்கும் தெரியும். கையில நல்லா ஓடிட்டிருக்கிற ராம் இருக்கும்போது அதை ஒதுக்கறது, ஓடற வண்டியோட டயரைக் கழட்டி வீசற மாதிரி. புதுசா முழு கம்ப்யூட்டர் போடறவங்களுக்கு ஏஎம்5 சரி, அந்த சாக்கெட்டுக்கு இன்னும் ஆயுசு இருக்கு. மேம்படுத்தறவங்களுக்குக் கணக்கு வேற.

ஏஎம்4 சாக்கெட் அந்த வகையில ஒரு அதிசயம். 2017-ல வந்த ரைசன் 1000-ல இருந்து ரைசன் 5000 வரைக்கும் ஒரே சாக்கெட். 2022-ல பல ஏ320 போர்டுகளுக்கே ரைசன் 5000-ஐ ஏத்துக்கிற பயாஸ் வந்துது.

தம்பிக்கு நான் சொன்னது ரைசன் 7 5700எக்ஸ். 6 கோர்ல இருந்து 8 கோர். ரெண்டரிங் வேலைக்கு கோர் எண்ணிக்கையே 33 சதவீதம் கூடுது, ஒவ்வொரு கோரும் பழசை விட வேகம். எந்த ஓவர்கிளாக்கும் 2600-க்கு இதைக் கொடுக்காது. அதோட டிடிபி 65 வாட்தான். பழைய சிப்புக்கும் அதே 65.

முதல் மாசம் எது, ரெண்டாம் மாசம் எது?

நம்மள்ல நிறைய பேர் ஒரே நாள்ல எல்லாத்தையும் வாங்கறதில்ல. இந்த மாசம் ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணு. இந்த வரிசை தப்பினா கம்ப்யூட்டரே இல்லாம ஒரு மாசம் உட்கார வேண்டி வரும். கவனமா கேளுங்க.

பி550 போர்டு அதிகாரப்பூர்வமா ரைசன் 2000 வரிசையை ஏத்துக்காது. போர்டை முதல்ல வாங்கி, பழைய 2600-ஐ அதுல போட்டா டிஸ்ப்ளே வராது. போர்டு டெட்னு நினைச்சு கடைக்கு அலையற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். போர்டுல குத்தம் இல்ல, ஜோடிதான் சேரல.

அதனால ரெண்டு வழி. முதல் வழி: பழைய ஏ320 போர்டுக்கு ரைசன் 5000 பயாஸ் இருக்கான்னு, போர்டு கம்பெனியோட சிபியு சப்போர்ட் பட்டியல்ல உங்க போர்டோட ரிவிஷன் நம்பரையும் சேர்த்துப் பாருங்க. இருந்தா, 2600 உள்ள இருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணிட்டு, முதல்ல சிபியுவை வாங்கிப் போடுங்க. அடுத்த மாசம் பி550. சில போர்டுல புது பயாஸ் போட்டா பழைய சிப்பை மறந்துடும், அந்தக் குறிப்பையும் படிச்சிடுங்க. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போகக்கூடாது, யுபிஎஸ் இருக்கிற இடத்துல பண்ணுங்க.

இரண்டாவது வழி: பயாஸ் இல்லன்னா, முதல்ல பி450 போர்டு. அது 2000 வரிசையையும் 5000 வரிசையையும் ஏத்துக்கும். பழைய சிப்பை வெச்சு ஓட்டிட்டே இருக்கலாம், அடுத்த மாசம் சிபியு. பிசிஐஇ 4.0 கிடைக்காது, வீடியோ எடிட் பண்றவருக்கு அது பெரிய நஷ்டம் இல்ல.

எந்த போர்டுன்னாலும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கான்னு பாருங்க. சிபியுவே இல்லாம, ஒரு பென் டிரைவை வெச்சு பயாஸ் ஏத்தலாம். ஓவர்கிளாக்ல கை வைக்கிறவங்களுக்கு இது உயிர்காப்பு மாதிரி.

விமர்சன வீடியோவும் நம்ம ரூமும்

யூடியூப்ல விஆர்எம் சோதனை பண்றவங்க பெரும்பாலும் 20, 22 டிகிரி ரூம்ல உட்கார்ந்து பண்றாங்க. ஒரு போர்டு 85 டிகிரி காட்டுதுன்னா, அது அந்த ரூமை விட 63 டிகிரி மேல. அதையே மே மாசம் ஷீட்டு ரூம்ல, 40 டிகிரியில ஓட்டுங்க. 103. பல போர்டுகள் அந்தப் பக்கத்துலதான் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும், இல்ல நின்னே போகும். சென்னை 2003 மே மாசத்துல 45 டிகிரியையே பார்த்த ஊரு. நமக்குக் கத்திரி வெயில் வருஷா வருஷம் வரும். அதனால எந்த சோதனையைப் பார்த்தாலும் கூட ஒரு 18, 20 டிகிரி சேர்த்துப் படியுங்க.

கெப்பாசிட்டருக்கும் இதே கதை. 10 டிகிரி குறைச்சா ஆயுசு சுமாரா இரட்டிக்கும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. தம்பிகிட்ட இதைச் சொன்னதும், "ரீஃப்ளோவுல ஒரு அஞ்சு டிகிரி தப்பினாலே எங்க லைன்ல அலாரம் அடிக்கும் அண்ணா. வீட்ல இதை யோசிக்கவே இல்ல"ன்னாரு.

கூலர்லயும் ஒரு நுணுக்கம் இருக்கு. கீழ்நோக்கி ஊதற சாதாரண கூலர், போற போக்குல விஆர்எம்மையும் குளிர வைக்கும். டவர் கூலர் பக்கவாட்டுல ஊதும். லிக்விட் கூலர் போட்டா சாக்கெட் பக்கம் காத்தே இருக்காது. சிபியு ஜில்லுனு இருக்கும், பக்கத்துல மாஸ்ஃபெட் வெந்துட்டிருக்கும். அப்படிப் போடறவங்க கேஸ் மேல்பக்கமோ பின்பக்கமோ ஒரு ஃபேன் கட்டாயம் வையுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்ல நிக்கும்போது

ஒரகடத்துல இருந்து தாம்பரம் வந்து, ரயில் ஏறி, ரிச்சி ஸ்ட்ரீட் போறவங்க வீட்டுலயே மூணு மாடலை முடிவு பண்ணிட்டுப் போங்க. அங்க போய் "நல்ல ஓவர்கிளாக் போர்டு"ன்னு கேட்டா, அன்னைக்கு ஸ்டாக்ல எது இருக்கோ அதுதான் நல்ல போர்டு.

பெட்டியைத் திறந்ததும் சாக்கெட்டைப் பாருங்க. ஏஎம்4-ல பின் சிபியுல இருக்கும். ஆனா ஏஎம்5-லயும் இன்டெல்லயும் பின் போர்டுலதான். ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் பின்னாடி வாரன்டி பேச முடியாது, கடையிலேயே டார்ச் அடிச்சுப் பார்த்துடுங்க. சீரியல் நம்பர் பெட்டியிலயும் போர்டுலயும் பில்லுலயும் ஒண்ணா இருக்கணும். பில் கட்டாயம். 18 சதவீதம் ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கறேன்னு பில் இல்லாம வாங்கினா, மூணு வருஷ வாரன்டி காத்துல போயிடும்.

வாங்கின பிறகு

மல்டிப்ளையரை ஏத்தறதுக்கு முன்னாடி பிபிஓவையும் கர்வ் ஆப்டிமைசரையும் முயற்சி பண்ணுங்க. கர்வ் ஆப்டிமைசர்ல மைனஸ் மதிப்பு கொடுத்தா, அதே வேகத்துக்குக் குறைஞ்ச வோல்டேஜ் போகும். சூடு குறையும், சூடு குறைஞ்சா பூஸ்ட் தானா கொஞ்சம் ஏறும். வெயில் ஊர்ல நமக்கு ஏத்த ஓவர்கிளாக் இதுதான். மைனஸ் 10-ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா இறங்குங்க. நிலைதடுமாறினா ஒரு படி மேல வாங்க. ஆன் ஆகவே இல்லன்னா, பவரை எடுத்துட்டு சிமாஸ் கிளியர் பண்ணுங்க.

சோதனையை ராத்திரி பண்ணாதீங்க. மதியம் 2 மணிக்கு, ஜன்னல் எப்படி இருக்குமோ அப்படியே விட்டு, அரை மணி நேரம் ஓசிசிடியோ சினிபெஞ்சோ ஓட்டுங்க. எச்டபிள்யுஇன்ஃபோவுல விஆர்எம் வெப்பத்தைப் பாருங்க. 90-க்குள்ள நின்னா நிம்மதி. எல்லா போர்டுலயும் அந்த சென்சார் இருக்காது, வாங்கறதுக்கு முன்னாடியே விசாரிங்க.

தம்பி என்ன பண்ணாரு?

வெள்ளிக்கிழமை வீடியோவை ராத்திரி ஷிப்டு இல்லாத நாள்ல, டேபிள் ஃபேன் வெச்சு முடிச்சுக் கொடுத்துட்டாரு. ஒரு பைசா செலவில்லாம. அவரோட ஏ320-க்கு பயாஸ் இருந்துது. போனஸ்ல 5700எக்ஸ் வாங்கிட்டாரு. அந்தச் சிப்போட கூலர் வராது, பழைய கூலரையே போட்டாரு. ஒரு மாசம் மதியத்துல நீளமான ரெண்டர் போடாம ஓட்டினாரு. அடுத்த சம்பளத்துல, ஹீட்சிங்க் ஸ்க்ரூ போட்டிருக்கிற நடுத்தர பி550 போர்டு ஒண்ணு.

போன வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாரு. மதியம் 2:20, விஆர்எம் 81 டிகிரி, கர்வ் ஆப்டிமைசர் மைனஸ் 15. கீழ ஒரு வரி: "மூடி போட்டாச்சு அண்ணா. டேபிள் ஃபேனை ரூம்மேட்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டேன்."

மல்டிப்ளையரை இன்னும் தொடலையான்னு கேட்டேன். மார்கழியில முயற்சி பண்ணிப் பார்க்கறேன்னாரு. சரியான மாசம்தான்.

உங்க கேள்வியை அனுப்பும்போது சிபியு, போர்டு, எஸ்எம்பிஎஸ் மூணோட மாடலும், ரூம் எப்படிப்பட்டதுங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் எஸ்எம்பிஎஸ், எர்த்திங் ரெண்டையும் பேசலாம். வாடகை வீட்டு மூணாவது பின்னுல ஒயரே இல்லாத கதை நிறைய பேர்கிட்ட இருக்கும்னு நினைக்கறேன்.